முனி குளிக்கும் வளைவு

உங்கள் பொலிஸ் ஸ்டேசன் தேத்தண்ணீர் நன்றாயிருக்கிறது, சார்ஜன் ஐயா. சீனிதான் கொஞ்சம் கூடிவிட்டது. பரவாயில்லை. தோட்டத்தில் எங்களுக்குக் கிடைப்பது பெக்டரியில் கூட்டிப் பெருக்கின தூள். சாயம் இறங்கும், மணம் இருக்காது. இது மணக்கிறது. மணக்கிற தேத்தண்ணீர் குடித்தால் எனக்கு இப்போதெல்லாம் மச்சினன் வீரய்யாவின் ஞாபகம் வந்துவிடுகிறது. அதற்குக் காரணம் உண்டு, அப்புறம் சொல்கிறேன்.

முதலில் நான் வந்த காரியம். போன கிழமை லொறி விழுந்த இடத்தை நீங்கள் வந்து பார்த்துவிட்டு, மூடுபனியில் பாதை தெரியாமல் டிரைவர் பள்ளத்தில் விட்டுவிட்டான் என்று முடிவு கட்டினீர்களாம். கங்காணி சொன்னார். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூடுபனிக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது, ஐயா. அடுப்புப் புகை மாதிரி வந்து நிற்கும், வெயில் அடித்தால் எழுந்து போய்விடும். வேலை செய்த ஆள் ஒருவன் இருக்க, பெயரைத் தூக்கி மூடுபனிக்குக் கொடுப்பது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் சிங்களத்தில் எழுதுகிறீர்கள். நடுவில் ஏதாவது சிந்திப் போனால் போகட்டும். நான் அவசரப்படாமல் சொல்கிறேன்.

என் பெயர் மாயாண்டி. கூதக்காட்டுத் தோட்டம், மேல் பிரிவு. இங்கிலீசில் அதற்கு வேறு பெயர், எந்தத் துரை தன் ஊர் ஞாபகத்தில் வைத்தாரோ. எங்களுக்கு அது கூதக்காடு. கூதல் அங்கே குடும்பத்தோடு குடியிருக்கிறது. எனக்கு வேலை கான் வெட்டு. மழைத்தண்ணீர் தேயிலை வேரை அரித்துக்கொண்டு போகாமல் வடிவதற்கு மலைச்சரிவிலும் ரோட்டோரத்திலும் வெட்டுகிற சின்னக் கால்வாய்தான் கான். தண்ணீருக்கு வழி சொல்கிற உத்தியோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வேலைதான். ஆனால் கொழுந்து பறிக்கிறவளைத் துரை நின்று பார்ப்பார், கொப்பு கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவனை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா நின்று பார்ப்பார். கான் வெட்டுகிறவனை யாரும் பார்க்கமாட்டார்கள். விடியற்காலை பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, என் பெயர் வரும் இடத்தில் கங்காணிக்குத் தவறாமல் ஒரு கொட்டாவி வரும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கே சில நாள் கொட்டாவி வந்திருக்கிறது.

எங்கள் தோட்டத்து ரோடு இந்த ஸ்டேசன் பக்கமிருந்து வந்து, பெக்டரியைத் தாண்டி, நாங்கள் குடியிருக்கிற லயங்களுக்குக் கீழே நேராக ஓர் இறக்கம் இறங்கி, அடியில் சட்டென்று திரும்பி நுவரெலியாப் பக்கம் போகிறது. அந்தத் திருப்பத்தில்தான் பாதைமுனி இருக்கிறார். ஆள் உயரக் கல், ஒரு சூலம், தலைக்கு மேல் ஒரு தகரம். அவருக்குப் பூசாரி என்று தனியாக யாரும் இருந்ததில்லை. எங்களுக்குப் பிள்ளையில்லை என்று என் மனைவி வேலாயி ஒரு நேர்த்தி வைத்தாள்: தினம் காலையில் முனியைக் குளிப்பாட்டி மஞ்சள் பூச வேண்டும் என்று. நேர்த்தி வைத்தது அவள், தண்ணீர் சுமந்தது நான். குடும்பத்தில் அப்படித்தானே நடக்கிறது. பக்கத்தில் நான் வெட்டின கான் ஓடுகிறது. ஊற்றின தண்ணீர் அதில் விழுந்து போய்விடும். பிள்ளை வரவில்லை. வேறொன்று வந்தது.

நீங்கள் கினிகத்தேனைக்காரர். உங்கள் ஊரில் வானம் பொத்தல், கொட்டிக்கொண்டே இருக்கும். பனி என்றால் என்னவென்று தெரியாது. தை, மாசியில் எங்களுக்கு வானம் கழுவிவிட்ட மாதிரி தெளிந்துவிடும். அப்படித் தெளிந்தால் மறுநாள் விடியும்போது உறைபனி. வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி பூத்திருக்கும். பிள்ளைகள் அதை உடைத்துச் சப்பிக்கொண்டு, பல்லுக் கூசி, ஆடுவார்கள். பெரியவர்களும் சப்புவார்கள், யாரும் பார்க்காவிட்டால். எனக்கு அந்தக் காலம் ரொம்பப் பிடிக்கும். காலையில் வெளியே வந்து மூச்சு விட்டால், ஒன்றுமில்லாதவன் வாயிலிருந்துகூட பெரிய துரை சுருட்டு மாதிரி புகை வரும்.

ஒரு தைமாதத்தில் வேலை பிந்திப் போய், காலையில் குளிப்பாட்ட வேண்டிய முனியை அந்தியில் குளிப்பாட்டினேன். அன்று கானில் மண் சரிந்து அடைத்திருந்தது; தண்ணீர் ரோட்டில் பரவிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். மறுநாள் விடியலில் மண்வெட்டியோடு வந்து நிற்கிறேன், பெரிய கிளாக்கர் றோலண்ட் ஐயாவின் மொரிஸ் மைனர் இறக்கத்தில் வருகிறது. திருப்பத்துக்கு வந்தது. திரும்பவில்லை. அப்புறம் திரும்பிற்று, திரும்பிக்கொண்டே இருந்தது. திருவிழா ராட்டினம் மாதிரி, சத்தமே இல்லாமல், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. உள்ளே றோலண்ட் ஐயா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருக்கிறார். மலையெல்லாம் அவரைச் சுற்றி ஓடுகிறது. கடைசியில் கார் முனிக்கு நேராக மூக்கை வைத்து நின்றது.

நான் சிரித்துவிட்டேன். எனக்கு உடம்பெல்லாம் சிரிப்பு. யாராயிருந்தாலும் சிரித்திருப்பார்கள், ஐயா.

றோலண்ட் ஐயா இறங்கினார். வேதக்காரர், உங்களைப் போலத்தான், ஞாயிற்றுக்கிழமை கழுத்துப்பட்டியோடு சேர்ச்சுக்குப் போகிறவர். முனியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் மேல் அவர் கண் நேராக விழுந்தது அதுதான் முதல் தடவை. கையைக் கூப்பினார்.

"மாயாண்டி, ஒன் சாமிதான் என்னெப் பிடிச்சு நிறுத்துச்சு" என்றார். "துந்நூறு இருந்தாப் பூசிவிடு."

நான் பூசிவிட்டேன். பூசும்போது குனிந்து ரோட்டைப் பார்த்தேன். தாரின் மேல் மெல்லிசாக ஒரு கண்ணாடி, அதற்குள்ளே முந்தின நாள் மஞ்சள். அந்த நிமிசமே எனக்கு விளங்கிவிட்டது. தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லியும் இருப்பேன். ஆனால் அவர் நெற்றியைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். அப்படி நிற்கிறவரிடம் போய் கான் அடைத்துக்கொண்ட கதையைச் சொல்வது மரியாதையாக இருக்குமா.

அன்று பெரட்டில் கங்காணி கொட்டாவி விடவில்லை. "பூசாரி வந்துட்டாருங்களா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு முனி என் கனவில் வந்து, இனிமேல் எனக்கு அந்தியில்தான் குளிப்பு என்று சொன்னதாக நான் சொன்னேன். கானில் சரிந்திருந்த மண்ணை அள்ளிவிட்டேன், வேலை வேலைதானே. அந்த இடத்தில் மண்ணோடு பெயர்த்த ஒரு புல்லுக் கரணை வைத்தேன். சின்னது. அந்தியில் வைப்பேன், காலை வெயிலுக்குப் பிறகு எடுத்துவிடுவேன். பனிக்காலத்தில் மட்டும்தான். மற்ற மாதங்களில் என் கானைப் போலச் சுத்தமான கான் அந்தத் தோட்டத்தில் கிடையாது, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இனி நடந்ததற்கு என்னை மட்டும் சொல்லக்கூடாது. சறுக்கினவர்கள் எல்லோரும் முனிக்குக் குளிர்த்தி செய்வதாக நேர்ந்துகொண்டார்கள். கோபமாயிருக்கிற சாமியைக் குளிர வைக்க வேண்டும், அதுதான் முறை. ஒருவர் ஐந்து குடம் ஊற்றினார். அடுத்த நாள் விடியலில் அந்த ஐந்து குடத்தில் அடுத்த வண்டி சறுக்கிற்று. அவர் பத்துக் குடம் நேர்ந்தார். பயந்தவர்கள் தண்ணீர் ஊற்றினார்கள், ஊற்ற ஊற்றப் பயம் கூடிற்று. துரையின் ஒஸ்டின் கார் ஒரு நாள் பின்பக்கமாகவே வளைவைத் தாண்டிப் போய் நின்றது. துரை இறங்கித் தொப்பியைக் கழற்றினார். அடுத்த கிழமையே மலை ஊற்றிலிருந்து முனி தலைக்கு நேராக ஒரு குழாய் போட்டுக் கொடுத்தார், தோட்டத்துச் செலவில். நான் கேட்கவே இல்லை.

ஐஸில் வண்டி ஓட்டுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் எழுதிக்கொள்ளுங்கள், ஜீப்புக்கு உதவும். கண்ணுக்குத் தெரிகிற பனி ஒன்றும் செய்யாது. புல்லில் உப்பு மாதிரி வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தால் எவனும் மெதுவாகத்தான் போவான். தாரோடு தாராக ஒட்டிக் கிடக்கிறதே, அது வெறும் ஈரம் போலத்தான் தெரியும். அதில் வண்டியின் ரோதை உருண்டு ஏறினதும் முதலில் சத்தம் நின்றுவிடும். அதுவரை கறகறவென்று வந்த வண்டி, பூனை மாதிரி போகும். அந்த இடத்தில் டிரைவர் பிரேக்கை மிதிப்பார். எல்லோரும் மிதிப்பார்கள், கால் கேட்காது. மிதித்தவுடன் வண்டி டிரைவரை மறந்துவிடும். ஸ்டியரிங் கையில் இருக்கும், வண்டி வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கும். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பெரியவர், சின்னவர், படித்தவர், உத்தியோகக்காரர் எல்லாருக்கும் அந்த நேரத்தில் ஒரே முகம். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையின் முகம்.

அரசாங்க சி.டி.பி. பஸ் ஆடின காலையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எங்கள் கணக்குப்பிள்ளை வீட்டுக் கலியாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிற பெண்கள், பஸ் நிறைய, பாடிக்கொண்டு போகிறார்கள். வளைவில் பஸ் அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தது, மேடையில் ஆட்டக்காரி நகர்கிற மாதிரி. பாட்டு நின்றுவிட்டது. முன்ரோதை ஒன்று பள்ளத்துக்கு மேலே வெளியில் சுற்றிக்கொண்டு நின்றது. ஒவ்வொருவராக இறங்கி, கத்தி, அழுது, பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். நானும் சிரித்தேன். எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவ்வளவு சந்தோசத்தை நான் ஒரு தேர்த்திருவிழாவிலும் கண்டதில்லை. உயிர் கைக்குத் திரும்பி வந்தால் மனுசர் எவ்வளவு அழகாகிவிடுகிறார்கள் தெரியுமா, ஐயா. அந்த அழகை அவர்களுக்குக் கொடுத்தவன் நான். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

எல்லாம் சிரிப்பாகவே போயிற்று என்று சொல்ல வரவில்லை. கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளோடு விழுந்து கால் முறிந்தது. முனிக்குத் தேங்காய் உடைக்காமல் போகிறவர், அதனால்தான் என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை; தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு கந்தப்பொளைப் பக்கத்து மரக்கறி லொறி ஒன்று பள்ளத்தில் இறங்கிற்று. ஏற்றி வந்த முட்டைக்கோவா எல்லாம் உருண்டு போய்ப் பல நாளைக்குத் தோட்டம் முழுக்கக் கோவாக் கறி. ஓட்டினவர் வெளியூர் ஆள், பெயர் தெரியவில்லை. அவர் ஆத்துமாவுக்காக அன்று அந்தியில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஊற்றினோம்.

இனி வீரய்யாவின் கதை. நீங்கள் பேனாவைக் கீழே வைக்க வேண்டாம்.

வீரய்யா வேலாயியின் தம்பி. தாய் தகப்பன் இல்லாதவன். எங்களுக்குப் பிள்ளையில்லாத குறையை அவன்தான் தீர்த்து வைத்தான். அவள் சோறூட்டி வளர்த்தாள், நான் தோளில் வைத்துத் தூக்கித் திரிந்தேன். தோட்டத்து லொறிக்கு டிரைவரானான். விடியலில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நானுஓயா ரயில் ஸ்டேசனுக்குப் போவான். லயத்துக்குக் கீழே அந்த நேர் இறக்கத்தில் வரும்போது, அக்காவுக்கு வணக்கம் மாதிரி ஹோனை இரண்டு தரம் அடிப்பான். அது கேட்டதும்தான் வேலாயி அடுப்பை மூட்டுவாள். இறக்கத்தில் கையைத் தளர்த்திவிட்டு, பாடிக்கொண்டு, வேகமாக வருவான். அடியில் வளைவு வருமுன் நிறுத்தி, இறங்கி, ரோதையில் சங்கிலியைச் சுற்றி, முதல் கியரில் ஊர்ந்து தாண்டிவிடுவான். ஒரு பனிக்காலத்திலும் அவன் சறுக்கியதில்லை. முனிக்கு நேர்த்தியும் வைத்ததில்லை. "என்னாங்க சாமி, குளிருதா?" என்று கல்லைத் தட்டிக் கேட்டுவிட்டுப் போவான். எனக்கு அவன் மேல் உயிர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன கிழமை, விழுவதற்கு முந்தின நாள் காலை, சங்கிலி சுற்றக் குந்தினவன் குந்தினபடியே இருந்தான். நான் விபூதித் தட்டோடு பக்கத்தில் போனேன். ரோட்டிலிருந்து ஓர் ஐஸ் சில்லை நகத்தால் பெயர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு செவ்வந்தி இதழ், அப்படியே, வாடாமல். நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான்.

"மச்சான், மஞ்ச வாடை அடிக்குது" என்றான். "இது சாமி குளிச்ச தண்ணி. இம்புட்டு வருசமா வண்டிய வழுக்கி விட்டது சாமி இல்ல, சாமி குளிச்ச தண்ணி."

அவன் எழுந்து கானோரமாக நடந்தான். புல்லுக் கரணையைக் கால் பெருவிரலால் நெம்பினான். நின்று என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான், அது நல்ல சிரிப்பாக இல்லை.

"புல்லு தானா நடந்து வந்து ஒக்காருமா, மச்சான்?"

"மாப்ள" என்றேன். விபூதித் தட்டைக் கீழே வைத்தேன்.

"அந்தக் கோவா லொறிக்காரனுக்கு ரெண்டு புள்ளைங்களாம். நான் எழவுக்குப் போயிருந்தேன்." திரும்பி வந்து சங்கிலியைக் கையில் எடுத்தான். "புல்லப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். அக்காவுக்குத் தெரிஞ்சாச் செத்துப் போயிரும். தண்ணியப் பத்தி மட்டும் சொல்லிப்புடுறேன். நாளைக்கு நானுஓயாவுல பெட்டிய எறக்கிட்டு வந்து, பெரட்டுல எல்லாருக்கும் சொல்லுவோம். தெரியாம நடந்துபோச்சு, இனிமே வெயில் ஏறுன பெறகு ஊத்துவோம்னு. ஒங்கள யாரும் ஒரு வார்த்த சொல்லாம நான் பாத்துக்கிறேன். சரியா?"

"சரி, மாப்ள" என்றேன்.

நல்ல பிள்ளை. அவன் சொன்னதில் ஒரு குற்றமும் கிடையாது. அன்று பகல் முழுக்கக் கானில் நின்று யோசித்தேன். வெயிலில் ஊற்றினால் உறையாது. உறையாவிட்டால் யாரும் சறுக்கமாட்டார்கள். சறுக்காவிட்டால் யார் இறங்கி வந்து நெற்றியைக் காட்டப் போகிறார்கள். முனி திரும்பவும் ஒரு கல். நான் திரும்பவும் கொட்டாவி. நான் எனக்காக மட்டும் யோசிக்கவில்லை, ஐயா. அத்தனை சனத்துக்கு ஒரு சாமி இருந்தது. அது இல்லாமல் போகும். ஒருவனுடைய வாய் பெரிதா, ஊரின் சாமி பெரிதா. நீங்களும் என் இடத்தில் இருந்தால் இப்படித்தான் நிறுத்துப் பார்ப்பீர்கள்.

அந்தியில் வீரய்யாவிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். முனிக்கு ஒரு செம்பு மட்டும் ஊற்றினேன். கரணையை வைக்கவில்லை, வளைவு காய்ந்து கிடந்தது. வளைவில் அவன் கவனமாக வருவான், அங்கே ஊற்றிப் பிரயோசனமும் இல்லை. அதனால் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேலே நேர் இறக்கத்துக்குப் போனேன். அங்கே ஒரு நாளும் யாரும் சறுக்கியதில்லை. சரிவில் தண்ணீர் நிற்காது, ஓடிவிடும் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஓடும், ஒரேயடியாக ஊற்றினால். விளக்குமாற்றைத் தோய்த்துத் தோய்த்து, வேலாயி தரைக்குச் சாணம் மெழுகுகிற மாதிரி, ஒரு பூச்சு, அது இறுகினதும் இன்னொரு பூச்சு. பொறுமையான வேலை. மேலே நட்சத்திரம் ஒவ்வொன்றாக வந்தது. என்னவோ தெரியவில்லை, எனக்கு உள்ளுக்குள்ளே பாட்டாக வந்தது. அவன் இறக்கத்தில் பாடுகிற அதே பாட்டைத்தான் முணுமுணுத்தேன்.

அந்தத் தண்ணீரில் மட்டும் நான் மஞ்சள் கலக்கவில்லை. கலந்தால் நிறம் தெரியும். பூவும் போடவில்லை. அதுதான் ஐயா என் நெஞ்சைப் போட்டு அறுக்கிறது. முனியின் குழாய்த் தண்ணீர், முனிக்குக் காட்டாமல் எடுத்துவிட்டேன். நான் செய்த பிழை என்று ஒன்று இருந்தால் அது அந்த ஒன்றுதான்.

விடியலில் லயத்து வாசலில் நின்றேன். வானம் கண்ணாடி. கீழே இறக்கத்தின் தலைப்பில் ஹோன் இரண்டு தரம் கேட்டது. உள்ளே வேலாயி அடுப்பை ஊதினாள். "தம்பி போறான்" என்றாள். அதற்குப் பிறகு சத்தம் நின்றது. நான் சொன்னேனே, பூனை மாதிரி. லொறி மெதுவாகத் தலையைத் திருப்பி, பின்பக்கத்தை முன்னே கொண்டுவந்து, அவ்வளவு பெரிய லொறி, ஒரு முழுச்சுற்று சுற்றிற்று. இத்தனை வருசத்தில் அதைப் போல ஒரு சுற்று நான் பார்த்ததில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, ஈயத்தாள் வெயிலில் மின்ன, பறவைக் கூட்டம் மாதிரி போயின. எனக்குத் தலை கிறுகிறுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். அழகாயிருந்தது என்பதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

பிறகு ஹோன் ஒரு தரம், நீளமாக. அது வழக்கமில்லை.

நான்தான் முதலில் ஓடினேன். பள்ளத்தில் ரேடியேட்டர் உடைந்து, கொதிக்கிற தண்ணீர் சிதறின தேயிலை மேல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளம் முழுக்கத் தேத்தண்ணீர் மணத்தது, ஐயா. ஏற்றுமதித் தேயிலை. எங்கள் ஆட்கள் ஒருவரும் அதுவரை மோந்து பார்த்திராத மணம். அவனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதேன். மெய்யாகவே அழுதேன்; கங்காணி பார்த்தார், கேளுங்கள். அவன் கண் என்னைப் பார்த்தது. வாயைத் திறந்தான். ஒன்றும் சொல்லாமலே போய்விட்டான். பாதையில் இருந்ததெல்லாம் நீங்கள் வருவதற்குள் வெயிலில் கரைந்து கானுக்குள் போயிற்று. என் கான் அடைத்துக்கொள்ளாது.

வேலாயிக்கு ஒன்றும் தெரியாது. சாமியைக் கல்லென்று தட்டினதால் தம்பியை முனி கொண்டுபோய்விட்டார் என்று நம்புகிறாள். கோபம் தணிய அன்று தொடக்கம் அவளே தினம் அந்தியில் குடத்தைச் சுமந்து ஊற்றுகிறாள். வேண்டாம் என்று தடுக்க எனக்கு மனசு வரவில்லை. துக்கத்தில் இருக்கிறவளுக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும். கரணையைத் திரும்ப எடுத்து வைத்தது மட்டும் நான்.

அவ்வளவுதான். லொறியை விழுத்தினது நான், மூடுபனி இல்லை. திருத்தி எழுதிவிட்டீர்களா. கைநாட்டு எங்கே வைக்க வேண்டும்.

காலையில் என்னை நுவரெலியா நீதவான் கோட்டுக்குக் கொண்டுபோவீர்கள் என்று கான்ஸ்டபிள் சொன்னார். விடியலிலேயே புறப்பட வேண்டுமாம். எங்கள் தோட்டத்து ரோட்டை விட்டால் வேறு வழி கிடையாது. இப்படித்தான் நடக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான், வீட்டிலிருந்து புறப்படும்போதே வேலாயியிடம் சொல்லிவிட்டு வந்தேன். "ஒன் தம்பி மேல பெசகு இல்லன்னு சொல்லப் போறேன்" என்றதும் அழுதுகொண்டே என் காலைத் தொட்டாள். நாளைக்கு விடியலில் நானும் சார்ஜன் ஐயாவும் ஜீப்பில் அந்த வழியாக வருவோம், எங்கள் நல்லதுக்காக இன்று அந்தியில் குழாயை நிறையத் திறந்துவிடு என்றேன். தம்பி விழுந்த இறக்கத்திலும் ஊற்று, அவன் தாகத்தோடு போனவன் என்றேன். மெழுகுகிற மாதிரி ஊற்ற வேண்டும், அப்போதுதான் ஓடிவிடாமல் நிற்கும் என்று விளக்குமாற்றையும் எடுத்துக் கொடுத்தேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள். உட்காருங்கள், வெளியே வானம் எவ்வளவு தெளிவாயிருக்கிறது பாருங்கள். இந்நேரம் ஊற்றி முடித்திருப்பாள்.

இத்தனை வருசமும் நான் வெளியே நின்றே பார்த்தவன், ஐயா. உள்ளே உட்கார்ந்து ஒரு தரமும் பார்த்ததில்லை. ஜீப்பில் என்னை முன் சீட்டில், உங்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். பயப்பட வேண்டாம். என்னோடு வருகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது; முனி விடமாட்டார். அவரைக் குளிப்பாட்டினவன் நான்.